அண்ணாச்சியின் அயல்நாட்டுப் பயணம்

இராஜபாளையத்துக்குத் தெற்கே, நைட்டித் தையலால் பெயர் பெற்ற தளவாய்புரத்திலும், அதனை அடுத்த செட்டியார்பட்டி, முகவூர், சேத்தூர் முதலிய ஊர்களிலும் உள்ள சிமெண்டுக் கடை, பெயிண்டுக் கடை, உரக்கடை ஆகியவற்றின் உட்சுவரை நோக்குகிறவர்கள், லட்சுமி படத்துக்கும் காலஞ்சென்ற தந்தையாரின் மாலையிட்ட படத்துக்கும் அருகே, கம்பெனியின் பெயர் பொறித்த பதாகையைப் பிடித்துக்கொண்டு, அயல்தேசத்து மாளிகை ஒன்றின் முன் வெயிலில் கண்ணைச் சுருக்கியபடி வரிசையாக நிற்கும் நாற்பது ஐம்பது வியாபாரிகளின் வர்ணப்படம் ஒன்று மாட்டியிருப்பதைக் காண்பது இக்காலத்தில் அபூர்வமன்று. ஆண்டில் இத்தனை டன் அல்லது இத்தனை லட்சத்துக்குச் சரக்கு எடுத்து விற்றவர்களைத் தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ துபாய்க்கோ தன் செலவில் அழைத்துச் சென்று திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று கம்பெனிகள் ஏற்படுத்திக்கொண்டிருக்கும் சம்பிரதாயத்தின் அத்தாட்சி அந்தப் படம். தாய்லாந்து 2023 நவம்பரிலிருந்தும் மலேசியா அதே ஆண்டு டிசம்பரிலிருந்தும் இந்தியர்கள் விசா இல்லாமலே வந்து போகலாம் என்று அறிவித்த பிறகு, ‘டீலர் டூர்’ என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தப் பிரயாணம் பின்னும் எளிதாகிவிட்டது.

இத்தகைய பயணத்தை மறக்க முடியாத அனுபவமாக அமைப்பது எப்படி என்று பெருநகர ஓட்டல்களின் குளிர்ந்த அறைகளில் கூடி ஆலோசிக்கிறவர்கள், எந்தத் தீவு, எத்தனை நட்சத்திர விடுதி, எந்தக் கப்பலில் இரவு விருந்து, மேடையில் ஆடுவதற்கு யார் என்ற கேள்விகளில் காட்டும் சிரத்தையில் ஒரு பகுதியையேனும், போகிறவர் யார் என்ற கேள்வியில் காட்டுவதாக எனக்குத் தோன்றவில்லை. இதற்குக் காரணம், கொடுப்பதைத் தானமாக அவர்கள் எண்ணுவதுதான். அது தானம் அன்று. ஓராண்டு முழுவதும் கடனுக்குச் சரக்கைக் கொடுத்து, கடனைத் தண்ட நடையாய் நடந்து, லாரி வந்த நள்ளிரவில் எழுந்துபோய் மூட்டை இறக்கிக்கொண்ட ஒருவர் ஏற்கனவே ஈட்டிவிட்ட கூலியின் ஒரு பகுதியே அது. கூலியைக் கொடுக்கிறவன், பெறுகிறவனுக்கு எது பயன்படும் என்று கேட்டுக் கொடுக்க வேண்டுமேயன்றி, தன் பெருமைக்கு எது பொருந்தும் என்று தேர்ந்து கொடுப்பது முறையாகாது.

வழக்கம் ஒன்றும் புதிதல்ல. அமெரிக்காவில் ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரில் கல்லாப்பெட்டி இயந்திரம் செய்து விற்ற நேஷனல் காஷ் ரெஜிஸ்டர் கம்பெனி, 1911-இல் தன் சிறந்த விற்பனையாளர்களை நியூயார்க்குக்கு இலவசமாக அனுப்பியதை இதன் தொடக்ககால உதாரணங்களுள் ஒன்றாக இத்துறையின் வரலாற்றை எழுதுவோர் சொல்வர். அங்கிருந்து இது எத்தனை தூரம் வளர்ந்துவிட்டது என்பதற்கு, சீனாவின் தியன்ஸ் என்னும் நிறுவனம் 2015 மே மாதத்தில் தன்னைச் சேர்ந்த 6,400 பேரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்று, நீஸ் நகரின் கடற்கரைச் சாலையில் அவர்களையே எழுத்துக்களாக நிறுத்தி, ஆகாயத்திலிருந்து படிக்கும்படி ஒரு வாக்கியத்தை அமைத்துக் காட்டிய அதிசயத்தை உதாரணமாகச் சொல்லலாம். அந்த வாக்கியத்தில் கம்பெனியின் பெயர் இருந்தது. எழுத்தாக நின்றவர்களுக்கு அன்று கடல் எந்தப் பக்கம் இருந்தது என்பதாவது தெரிந்திருக்குமா என்று கேட்கத் தோன்றுகிறது. நம் சென்னையிலும், காசாகிராண்ட் என்னும் கட்டட நிறுவனம் 2024-இல் தன் ஊழியர்களில் ஆயிரம் பேரை, பதவி வேற்றுமை பாராமல், ஸ்பெயின் தேசத்துப் பார்சிலோனாவுக்கு அழைத்துச் செல்வதாக அறிவித்தது. தலைவர்களோடு சாதாரண ஊழியரும் சேர்ந்து போவது என்பது, இந்தச் செய்திகளில் நான் மனமுவந்து பாராட்டும் ஒரு அம்சம். அதற்குப் பின்னர் வருகிறேன்.

முதலில் பணம் யாருடையது என்று பார்ப்போம். ‘டார்கெட்’ என்ற சொல் நம் கடைவீதிகளில் இன்று உப்பு புளி போலப் புழங்குகிறது. மார்ச்சு மாதம் நெருங்க நெருங்க, கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்து, “அண்ணாச்சி, இன்னும் ரெண்டு லோடு இறக்கிட்டா டிக்கெட் உறுதி” என்று சொல்லும்போது, கிடங்கில் இடமில்லை, விற்பனையும் மந்தம் என்று தெரிந்தும் தலையசைத்துவிடும் பலவீனம் எந்த மனிதருக்கும் வரக்கூடியதே. சிமெண்டு ஈரம் பட்டால் கட்டியாகிவிடும். மூட்டை மூன்று மாதம் கிடந்தாலே வலுக் குறையத் தொடங்கும். அப்படித் தேங்கிய சரக்கை அடக்க விலைக்கும் குறைவாகத் தள்ளிவிட்டு, அந்த நஷ்டத்தையும் அதற்காக வாங்கிய கடனின் வட்டியையும் கூட்டிப் பார்த்தால், கடைக்காரர் தம் சொந்தச் செலவிலேயே, அதிலும் தமக்கு விருப்பமான ஊருக்கு, குடும்பத்தோடு போய் வந்திருக்கலாம் என்ற கணக்கு வரும் சந்தர்ப்பங்கள் உண்டு.

சிமெண்டிலாவது நஷ்டம் கடைக்காரரோடு நிற்கிறது. பூச்சிமருந்து விஷயத்தில் அது வாய்க்கால் கடந்து வயலுக்குப் போய்விடுகிறது. மேற்கு மலையடிவாரத்துக் கண்மாய்களை நம்பி நெல்லும் பருத்தியும் பயிரிடும் விவசாயி, இலையில் புள்ளி விழுந்தால் முதலில் ஆலோசனை கேட்பது உரக்கடைக்காரரிடம்தான். அவர் சொல்வதே அவனுக்கு வேதவாக்கு. அந்த ஆலோசனை சொல்லுகிறவரின் கண்முன், இன்னும் இத்தனை பெட்டி விற்றால் பாங்காக் என்ற ஆசையை நிறுத்தி வைப்பது எவ்வளவு தர்மம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. வைத்தியர்கள் விஷயத்தில் இக்கேள்வி கேட்கப்பட்டு விடையும் கிடைத்துவிட்டது: மருந்துக் கம்பெனிகள் வைத்தியர்களுக்கோ அவர்கள் குடும்பத்தாருக்கோ உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பிரயாண வசதி செய்து தரலாகாது என்றும், மாநாட்டில் சொற்பொழிவாற்றச் செல்பவருக்கே விலக்கு என்றும் மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. மனிதனுக்கு மருந்து எழுதித் தருகிறவருக்கு உள்ள கட்டுப்பாடு, பயிருக்கு மருந்து சொல்லுகிறவருக்கு வேண்டாம் என்பதற்கு நியாயம் எதுவும் எனக்குப் புலப்படவில்லை. பூச்சிமருந்துக் கம்பெனிகள் விற்ற அளவை வைத்துப் பயணம் தருவதை விட்டுவிட்டு, விவசாயிகளுக்குச் சரியான அளவும் சரியான காலமும் சொல்லிக்கொடுத்தவர் யார் என்று பார்த்துத் தருவது சாத்தியமே; அளப்பது கடினம் என்பார்கள், ஆனால் அளக்க மனமிருந்தால் வழி பிறக்கும்.

வருமான வரிச் சட்டமும் இதைத் தானமாகக் கருதவில்லை என்பது குறிப்பிடத் தக்கது. 2022 ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த 194-ஆர் என்ற பிரிவின்படி, வியாபாரத்தின் பயனாக ஒருவருக்குக் கிடைக்கும் அனுகூலத்தின் மதிப்பு ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால், அதில் நூற்றுக்குப் பத்து வீதம் வரி பிடித்தாக வேண்டும் என்றாயிற்று. புதிய சரக்கை அறிமுகம் செய்யவும் வியாபார விஷயங்களை விவாதிக்கவும் கூட்டும் மாநாட்டுக்கு விலக்கு உண்டு என்றாலும், இலக்கை எட்டியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்து அழைத்தால் அது மாநாடு அல்ல, அனுகூலமே என்றும், மாநாட்டுக்கு இடையே நிகழும் உல்லாசச் செலவும், கூட வரும் குடும்பத்தாரின் செலவும் அனுகூலத்திலேயே சேரும் என்றும் வரி வாரியத்தின் சுற்றறிக்கை தெளிவுபடுத்தியது. ஆகவே லட்ச ரூபாய் மதிப்புள்ள பயணத்துக்குப் பத்தாயிரம் வரியாகப் போவதோடு, அந்த லட்சமும் கடைக்காரரின் வருமானத்தில் ஏறுகிறது. இந்த விவரத்தை அவர் திரும்பி வந்த பின் ஆடிட்டர் வாயிலாக அறிந்து திடுக்கிடும்படி விடுவது பெருங்குறை. புறப்படுவதற்கு முன்பே, பயணத்தின் மதிப்பு இவ்வளவு, வரி இவ்வளவு, வேண்டாமென்றால் இதே தொகைக்குக் கிரெடிட் நோட் பெற்றுக்கொள்ளலாம் என்று தமிழில் ஒரு கடிதம் எழுதி அனுப்புவது, கப்பல் விருந்துக்குச் செலவிடும் பணத்தில் நூற்றில் ஒரு பங்கும் பிடிக்காத காரியம்.

இனி, போன இடத்தில் எதைக் காட்டுகிறார்கள் என்பதற்கு வருவோம். துபாயின் புர்ஜ் கலீஃபா கட்டடத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத சிமெண்டு வியாபாரி இல்லை. 2010 ஜனவரியில் திறக்கப்பட்ட அந்தக் கட்டடம் 828 மீட்டர் உயரம் என்பதை வழிகாட்டி சொல்லுவார். உச்சிக்கு அருகே ஏற்றி, நகரத்தைக் காட்டி, இறக்கி, கடைத்தெருவில் கொண்டுவந்து விட்டுவிடுவார். ஆனால் அதே கட்டடத்தில், தம் வாழ்நாள் முழுவதும் மூட்டை மூட்டையாக விற்ற அந்தச் சாம்பல் நிறப் பொடி என்ன பாடுபட்டு என்ன சாதித்தது என்பதை அவருக்கு எவரும் சொல்லுவதில்லை. சுமார் 3,30,000 கன மீட்டர் கான்கிரீட் அதில் செலவாகியிருக்கிறது. அறுநூறு மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்துக்கு அதைக் குழாய் வழியே உந்தி ஏற்றினார்கள். பாலைவனத்துக் கோடையில் கலவை அவசரமாக இறுகி வெடிப்பு விடும் என்பதற்காகத் தண்ணீரோடு பனிக்கட்டி சேர்த்து, பகலை விட்டு இரவிலே வார்த்தார்கள். அடியில் ஐம்பது மீட்டர் ஆழத்துக்கு இறங்கிய 192 தூண்களை, நிலத்தடி உவர்நீர் அரித்துவிடாமல் காப்பதற்குத் தனி ஏற்பாடு செய்தார்கள்.

கோடையில் மத்தியானப் பன்னிரண்டு மணிக்குத் தளம் போட்டுவிட்டு, மறுவாரம் வெடிப்பைக் காட்டி, “சிமெண்டு சரியில்லை” என்று கடைக்காரரிடம் சண்டைக்கு வரும் கொத்தனார் இராஜபாளையம் வட்டாரத்திலும் உண்டு; உப்புத் தண்ணீரில் கலவை போட்டுக் கம்பி துருப்பிடித்த வீடுகளும் உண்டு. துபாயில் இரவில் வார்த்த காரணத்தை ஒரு பொறியாளர் அரைமணி நேரம் தமிழில் விளக்கினால், தளவாய்புரத்துக் கடைக்காரர் ஊருக்குத் திரும்பி வந்து பத்துக் கொத்தனார்களுக்கு அதைச் சொல்லுவார். கோலாலம்பூரில் 452 மீட்டர் உயர்ந்து நிற்கும் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களும் அவ்விதமே. இரும்பை அதிக விலைக்கு இறக்குமதி செய்வதைத் தவிர்த்து, உள்நாட்டுத் தொழிலாளர்களுக்குக் கைவந்த கான்கிரீட்டைக் கொண்டே அவற்றின் தூண்களை எழுப்பினார்கள் என்பது சிமெண்டுக் கடைக்காரர் ஒருவருக்கு எவ்வளவு கர்வம் தரக்கூடிய செய்தி! இன்னும் சொல்லப்போனால், பி.ஏ.சி. இராமசாமி ராஜா தொடங்கிய சிமெண்டு ஆலை விருதுநகருக்கு அருகே அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் இந்த ஜில்லாவில், சுண்ணாம்புக்கல் சூளைக்குள் வெந்து, பின் அரைபட்டுச் சிமெண்டாவதை ஒரு தடவையும் கண்ணால் காணாமலே சிமெண்டு விற்கும் கடைகள் எத்தனையோ இருக்கக்கூடும். எந்தக் கம்பெனியானாலும் தன் டீலர் பயணத்தின் முதல் நாளை ஆலையின் வாசலில் தொடங்குவது நல்லது என்பேன்.

உரக்கடைக்காரர்களுக்கோ அவ்வளவு தூரமும் வேண்டியதில்லை. இலங்கை அரசு 2021-இல் இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடுத்து, விளைச்சல் விழுந்து, விவசாயிகள் வீதிக்கு வந்து, அதே ஆண்டு நவம்பரில் தடையைத் தளர்த்த நேர்ந்த கதையை, அந்நாட்டு விவசாயிகளின் வாயாலேயே கேட்கலாம். உரமின்றி ஒரேயடியாக நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதையும், உரத்தையே நம்பி நிலத்தைக் கெடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் ஒருங்கே யோசிக்க வைக்கும் அத்தகைய பாடசாலை வேறெங்கும் இல்லை. பேச்சு மொழிக்கும் தடையிராது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரும் சேத்தூர் உரக்கடை அண்ணாச்சியும் பேசத் தொடங்கினால், வழிகாட்டிதான் இடையில் வேலையின்றி நிற்க வேண்டியிருக்கும்.

இவ்வளவையும் சொன்னதனால், பயணத்தைப் பள்ளிக்கூடமாக்கிவிட வேண்டும் என்பது என் கட்சி என எண்ணலாகாது. ஓராண்டு உழைத்தவருக்கு ஓய்வும் களிப்பும் வேண்டும். ஆனால் இப்போதைய திட்டங்களில் ஓய்வுக்குத்தான் இடமேயில்லை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டி எழுப்பி, ஒன்பது இடங்களைக் காட்டி, இரவு பதினொன்றுக்கு மேடை நிகழ்ச்சியில் உட்கார வைத்து, கம்பெனி அதிகாரியின் சொற்பொழிவை அவர் விளங்காத பாஷையில் கேட்க வைத்து அனுப்பினால், ஊருக்கு வந்தபின் எந்தக் கோயில் எந்த ஊரில் இருந்தது என்பதுகூட அவருக்குக் குழம்பிப் போகிறது. கூட்டமாகப் பிரயாணம் செய்யும் கலையை நம் ஜனங்கள் யாரிடமும் கற்க வேண்டியதில்லை. சபரிமலைக்குக் கோஷ்டி அழைத்துச் செல்லும் குருசாமி, யாருக்கு முழங்கால் வலி, யார் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர், எந்தக் கன்னிச்சாமி கூட்டத்தில் மிரளுவான் என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே அறிந்து வைத்திருக்கிறார். சமையற்காரரையும் பாத்திரங்களையும் வண்டியிலேயே ஏற்றிக்கொள்கிறார். நடக்க முடியாதவருக்காக மற்றவர்களை நிறுத்தி வைக்கிறார். வெளிநாட்டுக் கோஷ்டியை நடத்துகிற மேலாளரிடம், அதிகாலையில் எண்ணப்படும் தலைகளின் கணக்கைத் தவிர இவற்றில் எத்தனை இருக்கின்றன?

நாள் குறிப்பதிலும் நம் ஊரின் பஞ்சாங்கம் ஒன்று உண்டு; அதைப் புரட்டிப் பார்க்காமல் நாள் குறிக்கிறார்கள். ஆடிப்பூரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் தேர் ஓடும் சமயத்தில் ஊரை விட்டுப் போக மனம் வராதவர்கள் பலர். புரட்டாசி மாதம் முழுவதும் மாமிசம் தொடாத குடும்பங்கள் ஏராளம். அம்மாதத்தில் பட்டாயாவுக்கு அழைத்துச் சென்று, சைவம் என்ற பெயரில் வேகாத இலைகளைத் தட்டில் பரப்பி வைத்தால், அவர் பிரயாணம் முழுவதையும் வீட்டிலிருந்து கொண்டுபோன முறுக்கிலேயே கழிக்க வேண்டியதுதான். தீபாவளிக்கு முந்திய இரண்டு மாதங்கள் துணித் தொழிலுக்குக் கைநிற்காத காலம். வடகிழக்குப் பருவமழை தொடங்கி நடவு நடக்கும் நாட்களில் உரக்கடையைப் பூட்ட முடியாது. அம்மழைக் காலத்திலேயே கட்டட வேலை ஓய்ந்து சிமெண்டுக் கடைக்காரர் சும்மா இருப்பார். ஒருவருக்கு அவசரமான மாதம் மற்றவருக்கு அவகாசமான மாதம்.

மனைவியை அழைத்துச் செல்லாத பழக்கத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் சிற்றூர்க் கடைகளில், கணவர் வசூலுக்குப் போயிருக்கும்போது கல்லாவில் உட்கார்ந்து கணக்கு எழுதுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்ணே. ‘டார்கெட்’ எட்டியதில் சரிபாதி அவளுடையது. அவளை வீட்டில் விட்டுவிட்டு ஆண்கள் மட்டும் கூட்டமாகப் புறப்பட்டால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஜெர்மனியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஹாம்புர்க்-மன்ஹைமர் என்னும் இன்ஷூரன்ஸ் கம்பெனி, தன் சிறந்த முகவர்கள் சுமார் நூறு பேரை 2007-இல் புடாபெஸ்ட் நகரத்துக்கு அழைத்துச் சென்று, புகழ்பெற்ற கெல்லர்ட் வெந்நீர்க் குளியல் மாளிகையில் விலைமாதரைக் கொண்டு விருந்து நடத்தியது. நான்கு ஆண்டுகள் கழித்து விஷயம் பத்திரிகைகளில் வெளியானபோது, தாய் நிறுவனம் தலைகுனிந்து ஒப்புக்கொண்டது. மறக்க முடியாத அனுபவம்தான், சந்தேகமில்லை! கம்பெனிக்கு அவமானம் வேறு வழியிலும் வருவதுண்டு: அமெரிக்காவில் ஏ.ஐ.ஜி. என்ற மற்றொரு இன்ஷூரன்ஸ் நிறுவனம், 2008 செப்டம்பரில் 8,500 கோடி டாலர் அரசாங்கக் கடனால் பிழைத்த மறுவாரமே, முகவர்களுக்காக ஏற்கனவே ஏற்பாடு செய்திருந்த கலிபோர்னியா கடற்கரை விடுதி விருந்தில் நாலரை லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவாகச் செலவிட்டு, அந்நாட்டுக் காங்கிரஸ் சபையின் விசாரணையில் அகப்பட்டுக்கொண்டது.

கோட்டையூரிலிருந்து கிளம்பி உலகத்தைச் சுற்றிய ஏ.கே. செட்டியாரின் ஞாபகம் இங்கே வருகிறது. காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்துக்காகத் துண்டு துண்டான படச்சுருள்களைத் தேடித் தேசம் தேசமாக அலைந்து, 1940-இல் படத்தை வெளியிட்ட அவர் ஒரு வேலையாகப் போனார். போன இடங்களிலெல்லாம் ரயில்காரரிடமும் கடைக்காரரிடமும் பேசினார். அதனாலேயே அவர் எழுதியவை இன்றும் படிக்கத் தக்கவையாக இருக்கின்றன. வேலையோடு சேர்ந்த பிரயாணத்தில் இன்பம் குறைவதில்லை.

காசாகிராண்ட் நிறுவனத்தைப் பாராட்டியதற்குக் காரணம் சொல்கிறேன் என்றேனல்லவா? டீலர் டூர் என்பது கடையின் முதலாளியோடு நின்றுவிடுகிறது. அவருடைய மூட்டை தூக்கியும், அவருக்குச் சரக்குத் தைத்துக் கொடுத்தும் இலக்கை எட்ட வைத்தவர்கள் அந்தப் படத்தில் இல்லை. தளவாய்புரத்தைப் பொறுத்தவரை, அவ்வாறு விடுபட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள். உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, பவர் மிஷினில் குனிந்து நைட்டி தைக்கும் அவர்களுக்கு, தீபாவளிக்கு ஒரு புடவையும் இனிப்புப் பெட்டியும் தருவதோடு முதலாளிகளின் உபசாரம் முடிவடைகிறது. நைட்டி உற்பத்தியாளர்கள் ஒன்றுசேர்ந்தோ, அவர்களுக்குத் தையல் இயந்திரமும் நூலும் விற்கும் கம்பெனிகள் முன்வந்தோ, ஆண்டுக்கு ஒரு கோஷ்டித் தையற்பெண்களை ஏன் வெளிநாட்டுக்கு அனுப்பலாகாது? பாங்காக்கின் பிரதுநாம், போபே ஆகிய மொத்த ஜவுளிச் சந்தைகளில் ஆயிரக்கணக்கான சிறு கடைகளில் தொங்கும் ஆடைகளின் வெட்டையும் கழுத்துத் தையலையும் முதலாளியைக் காட்டிலும் கூர்மையாகக் கவனிக்கக்கூடியவர்கள் அவர்கள்தாம். அது தொலைவென்றால், மதுரையிலிருந்து ஒருமணி நேர விமானப் பிரயாணத்தில் கொழும்பு இருக்கிறது. 1978-இல் அமைந்த கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில், பெரும்பாலும் பெண்களே வேலை செய்யும் ஆடைத் தொழிற்சாலைகள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் தைத்து அனுப்புகின்றன. அங்குள்ள பெண்ணின் நாற்காலி எவ்வளவு உயரம், வெளிச்சம் எப்படி, ஒருநாளைக்கு எத்தனை உருப்படி, கூலி எவ்வளவு என்று நம் பெண்கள் நேரில் கேட்டு வருவார்கள்.

கடைசிக் கேள்வியை நினைத்துத்தான் முதலாளிகள் தயங்குவார்கள் என்பதை அறியாமலில்லை. ஆனாலும் பொங்கல் வியாபாரம் முடிந்து மிஷின்கள் சற்று ஓய்ந்திருக்கும் தை மாதக் கடைசி இதற்குத் தக்க காலம். பாஸ்போர்ட்டுக்கு மனுக் கொடுக்க வேண்டியிருப்பதாலும், ஆதாரிலும் பள்ளிச் சான்றிதழிலும் பெயர் இரண்டு விதமாக எழுதப்பட்டிருப்பதைத் திருத்த மாதங்கள் பிடிக்குமாதலாலும், பெயர்ப் பட்டியலை ஆடி மாதத்திலேயே தயார் செய்துவிட வேண்டும். ஐந்து நாட்களுக்கு வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு போடுவது யார் என்ற ஏற்பாட்டை மட்டும் அவர்கள் வீட்டு ஆண்களிடம் விட்டுவிடலாம்.